கால்நடை டாக்டர்களுக்கான முதல் வருஷ மென்டரிங்: சேரலாமா?

மென்டர், அதாவது புதியவருக்குக் கூடவே இருந்து வழிகாட்டும் சீனியர் டாக்டர், நீங்கள் வேலை பார்க்கப் போகும் கிளையிலேயே, அதே கட்டடத்தில் இருப்பார் என்றால் தாராளமாகச் சேருங்கள். வேறு கிளையில் இருந்துகொண்டு போனில் வழிகாட்டுவார் என்றால், அதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது போதும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கல்லூரி முடித்து வெளியே வரும் ஜூனியர்கள் எல்லோரும் என்னிடம் இதையேதான் கேட்கிறார்கள்.

பல கிளைகள் உள்ள ஒரு கிளினிக் குழுமத்தில், புதிதாகப் பட்டம் வாங்கியவர்களுக்கென்று ஒரு வருஷ மென்டரிங் திட்டம் வைத்திருக்கிறார்கள். அதில் சேர்ந்து முடித்திருக்கிறேன். பெயர் சொல்லவில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன் என்பது ஒரு காரணம், இப்போது வேலை விளம்பரம் போடும் பாதி இடங்களில் "மென்டரிங் உண்டு" என்ற வரி இருக்கிறது, அதில் எதை நம்புவது என்பதுதான் படிக்கிறவர்களுக்குத் தேவை என்பது இன்னொரு காரணம். இவர்கள் எழுத்தில் கொடுக்கும் வாக்குறுதிகள் இவை: உங்களுக்கென்று ஒரு மென்டர், அவரோடு வாரம் ஒரு மணி நேரம் தனியாக, முதல் ஆபரேஷன்களில் மென்டர் கூடவே நிற்பது, தனியாக விடலாம் என்று அவர் சொல்லும்வரை நைட் டியூட்டி தனியாகக் கிடையாது, ஒரு ஆப்பில் கேஸ் பதிவு, மாதாமாதம் ஆன்லைன் வகுப்பு. இதில் கடைசி இரண்டும் இல்லாமல் போனாலும் நஷ்டம் ஒன்றுமில்லை. முதல் நான்கில்தான் எல்லாமே இருக்கிறது.

இது ஏன் தேவை என்று நம் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரிவது கஷ்டம். உரிமம் கைக்கு வந்த அன்றே சட்டத்தின் பார்வையில் நாம் முழு டாக்டர். நேற்று பட்டம் வாங்கியவருக்கும் இருபது வருஷ அனுபவசாலிக்கும் அதே கத்தி, அதே பொறுப்பு. மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், தலைக்கு மேலே மூன்று நான்கு அடுக்கு சீனியர்கள் இருக்க, ஒரு துறையை மட்டும் வருஷக்கணக்கில் பழகுகிறார்கள். நம்மில் பெரும்பாலானோர் நேராக ஒரு கிளினிக்கில் போய் உட்காருகிறோம். காலையில் நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பதும் நாமே, வயிற்றைத் திறப்பதும் நாமே, எக்ஸ்ரே பார்ப்பதும், பூனைக்குப் பல் பிடுங்குவதும், பணம் இல்லை என்று சொல்லும் ஓனரிடம் பேசுவதும் நாமே. பூனைக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரையே உயிருக்கு ஆபத்து, நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் உண்ணி மருந்தை அந்தப் பூனைமேல் போட்டால் வலிப்பு வந்துவிடும். இதெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயங்கள்தான். ஆனால் வெளியே ஏழு பேர் காத்திருக்க, எடைக்குத் தகுந்த டோஸை மனதுக்குள் கணக்குப் போட்டு, தசமப் புள்ளி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறதா என்று இரண்டாவது முறை பார்க்கும் பழக்கம் பரீட்சையில் வராது. அது பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் வரும்.

பக்கத்தில் இருப்பது என்றால் என்ன என்பதை முதல் பெரிய கருத்தடை ஆபரேஷனை வைத்துச் சொல்கிறேன். கல்லூரியில் செய்ததெல்லாம் இளம் நாய்கள், ஒல்லியானவை, கூடவே நான்கு பேர். இங்கே வந்தது வயதான, நன்றாகக் கொழுப்புப் போட்ட, மார்புக்கூடு ஆழமான பெண் நாய். இந்த மாதிரி உடம்பில் சினைப்பையை வெளியே கொண்டுவருவதே பெரிய வேலை, அதிலும் வலது பக்கம் இன்னும் மோசம், ஏனென்றால் வலது சிறுநீரகமும் சினைப்பையும் இடது பக்கத்தைவிட முன்னால் தள்ளி இருக்கும். மென்டர் மேடம் என்னோடு கை கழுவி, கவுன் மாட்டி, கையுறை போட்டுக்கொண்டு வந்தார். மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் கோத்துக்கொண்டார். ஆபரேஷன் முடியும்வரை அந்தக் கைகள் பிரியவில்லை.

சினைப்பையைச் சிறுநீரகப் பக்கமாகப் பிடித்து வைத்திருக்கும் தசைநாரை விரலால் தளர்த்தி அறுக்கும் இடம்தான் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும் இடம். விரலுக்குக் கீழே கம்பி மாதிரி விறைப்பாக ஒன்று தட்டுப்படும், அதற்குப் பக்கத்திலேயே கொழுப்புக்குள் ரத்தக்குழாய் ஓடும், பலம் கொஞ்சம் தப்பான திசையில் போனால் குழாய் கிழியும். நான் நின்றுவிட்டேன். அவர் "விடு, நான் பார்க்கிறேன்" என்று சொல்லவில்லை. "இப்ப விரலுக்கு என்ன தெரியுது, சொல்லுங்க டாக்டர்" என்றார். சொன்னேன். "எந்தப் பக்கமா இழுக்கப் போறீங்க?" வால் பக்கமாக, மேலே தூக்காமல். "அப்ப செய்யுங்க, அவசரமே இல்ல." தசைநார் விட்டது. மூன்று கிளாம்ப் போட்டு, அடியில் உள்ளதை எடுத்து, அது நசுக்கிய தடத்திலேயே நூலை உட்காரவைத்து முடிச்சுப் போட்டேன். வெட்டுவதற்கு முன்னால் இன்னொரு கேள்வி: "இந்த முடிச்சு நழுவுனா என்ன செய்வீங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்தத் திட்டத்துக்கு என் முழு மார்க். நழுவிய பிறகு கேட்டிருந்தால் எனக்குப் பதில் வந்திருக்காது. நழுவுவதற்கு முன், எல்லாம் கட்டுக்குள் இருக்கும்போது கேட்டதால் யோசிக்க முடிந்தது. வெட்டுக்காயத்தைத் தைரியமாக நீட்டிக்கொள்ள வேண்டும், சிறிய துளைக்குள் தேடக்கூடாது. வலது பக்கம் என்றால் சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தூக்கி இடது பக்கமாகத் தள்ளினால் அதன் சவ்வே மற்றக் குடல்களைத் திரைபோலத் தடுத்து நிறுத்தும், சிறுநீரகத்துக்குப் பின்னால் இடம் திறந்துவிடும். இடது பக்கம் என்றால் அதே வேலையைப் பெருங்குடலை வைத்துச் செய்ய வேண்டும். ரத்தம் தேங்கிய குழியில் கண்ணுக்குத் தெரியாமல் கிளாம்ப்பைப் போட்டால் பக்கத்தில் போகும் சிறுநீர்க்குழாய் மாட்டிக்கொள்ளும். நான் பாதி சொன்னேன், மீதியை அவர் சொன்னார். அப்புறம்தான் வெட்டச் சொன்னார். வெட்டியதும் ஓரத்தை ஃபோர்செப்ஸால் பிடித்து, நூலைப் பிடித்து இழுக்காமல், மெதுவாக வயிற்றுக்குள் இறக்கி, விட்டு, பார்த்து, ரத்தம் இல்லை என்று இருவரும் ஒப்புக்கொண்ட பிறகு அடுத்த பக்கம். ரொம்ப நேரம் எடுத்தது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்தக் காலையில் வேறு ஆபரேஷன் போட வேண்டாம் என்று மேடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவேன். நேரத்தை யார் கொடுக்கிறார்கள் என்பதில்தான் இந்தத் திட்டங்கள் எல்லாம் நிற்பதும் விழுவதும்.

ஒரு வேலையை உங்களிடம் எப்போது தனியாக விடுவது என்பதை இங்கே ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். முதலில் பார்ப்பது, அடுத்து மென்டர் மேசைக்கு எதிரில் நிற்க நீங்கள் செய்வது, அடுத்து மென்டர் பக்கத்து அறையில் இருக்க நீங்கள் செய்வது, கடைசியில் தனியாகச் செய்து பிறகு பேசுவது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக இந்தப் படிகள். தடுப்பூசி விசிட்டில் கடைசிப் படியில் இருக்கும் ஒருவர், குட்டி போட முடியாமல் வந்த நாய்க்கு சிசேரியன் செய்வதில் முதல் படியில் இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இவர்களே கண்டுபிடித்த முறை இல்லை இது. மருத்துவக் கல்வியில் நெதர்லாந்தின் ஒலே டென் காட்டே 2005இல் முன்வைத்த யோசனை, ஒருவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்பதற்குப் பதில் எந்த வேலையை இவரை நம்பி ஒப்படைக்கலாம் என்று கேட்பது. பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ் 2021இல் கொண்டுவந்த பட்டதாரி மேம்பாட்டுத் திட்டமும் இதன் மேல் கட்டியதுதான். அங்கே 2007 முதல் இருந்த பழைய ஏற்பாட்டில் பெரும்பாலும் புதியவரே தான் செய்த வேலைகளை ஆன்லைனில் பதிந்துகொண்டு போக வேண்டும். புதிய ஏற்பாட்டில், வேலை செய்யும் இடத்திலேயே அதற்கென்று பயிற்சி எடுத்த ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்ற அளவில் அவர் புதியவரோடு உட்கார வேண்டும். ஒரு நாட்டின் பதிவு அமைப்பே பதிவேட்டை விட்டு ஆளிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

எங்கள் ஆப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லா கேஸையும் பதியச் சொல்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. நான் பாதியில் நிறுத்திவிட்டு, மனதை உறுத்திய கேஸ்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வாராந்திரச் சந்திப்புக்கு எடுத்துப் போனேன். மேடத்துக்கும் அதுதான் பிடித்திருந்தது.

வாராந்திர ஒரு மணி நேரம் பற்றி நிறையச் சொல்லலாம். நான் எதிர்பார்த்தது டியூஷன். நடந்தது அது இல்லை. வாந்தியோடு வந்த ஒரு நாயைப் பற்றிப் பேசினால், அதற்கு என்ன நோய் என்று அவர் கேட்கவே மாட்டார். உள்ளே வரும்போது நாய் எப்படி நடந்தது, எந்த நிமிஷத்தில் எக்ஸ்ரே எடுக்கலாம் என்று தோன்றியது, எது வந்திருந்தால் மனதை மாற்றியிருப்பீர்கள் என்று என் யோசனை போன வழியிலேயே திரும்பக் கூட்டிக்கொண்டு போவார். பதில் சரியாக இருந்தாலும் வழி அதிர்ஷ்டத்தில் அமைந்திருந்தால் விட மாட்டார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, தனியாக இருக்கும் ராத்திரியில் கைகொடுப்பது பதில் இல்லை, அந்த வழி.

பணம் பற்றிய பேச்சும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடந்தது. கல்லூரியில் ஒவ்வொரு நோய்க்கும் சிறந்த வைத்தியம் என்ன என்று ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதைச் செய்ய முடியாத ஓனர் முன்னால் நாம் வாயடைத்துப் போகிறோம். அல்லது, இதைவிட மோசம், அவர் மனம் நோகும்படி பேசிவிடுகிறோம். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டியை உள்நோயாளியாக வைத்து டிரிப்ஸ் போடுவது சிறந்தது, சரி. முடியவில்லை என்றால்? தினமும் கொண்டுவந்து தோலுக்கடியில் திரவம், வாந்திக்கு ஊசி, வீட்டில் என்ன பார்க்க வேண்டும், எதைப் பார்த்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது, பிழைக்கும் வாய்ப்பு இதில் குறைவு என்பதை மறைக்காமல் சொல்வது. இதுவும் வைத்தியம்தான், இதைச் செய்வதால் நாம் மட்டமான டாக்டர் ஆகிவிட மாட்டோம். இதை ஒரு சீனியர் வாயால் கேட்பதற்கு முன்னால் எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டிருக்கும் என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மேடத்தின் ஒரு பழக்கத்தை எல்லா மென்டர்களும் எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். ஓனர் முன்னால் என்னை "டாக்டர்" என்று மட்டும்தான் கூப்பிடுவார், அங்கே ஒரு சொல்லைக்கூடத் திருத்த மாட்டார். சொல்ல வேண்டியது இருந்தால் "டாக்டர், அந்த ரிப்போர்ட் ஒரு நிமிஷம் பார்க்கலாமா" என்று வெளியே கூப்பிடுவார். ஓனர் என்னை நம்பாமல் போனால் நான் சொல்லும் மருந்து வீட்டில் கொடுக்கப்படாது, அதனால் கெடுவது மிருகம். அவ்வளவு எளிமையான காரணம், ஆனால் வேறு இடங்களில் வேலை பார்க்கும் நண்பர்கள் பலர் ஓனர் எதிரிலேயே திட்டு வாங்குகிறார்கள்.

அடுத்தது, யூதனேசியா, அதாவது தீராத நோயில் கஷ்டப்படும் மிருகத்தை ஊசி போட்டு வலியில்லாமல் இறக்க விடுவது. ஊசி போடுவது பாடத்தில் இருக்கிறது, அந்த அறையில் எப்படி இருப்பது என்பது இல்லை. முதல் முறைக்கு முந்தைய நாளே மேடம் உட்காரவைத்துப் பேசினார். கானுலாவை, அதாவது ஊசி மருந்து ஏற்ற நரம்பில் வைக்கும் சின்னக் குழாயை, ஓனர் வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், அவர் எதிரில் நரம்பு தேடிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் தூக்கத்துக்கான ஊசி, பிறகு சற்றுப் பொறுங்கள். கண் மூடாது, கடைசியில் ஒன்றிரண்டு மூச்சு இழுப்பு மாதிரி வரலாம், சிறுநீர் போகலாம், இதெல்லாம் வலியினால் இல்லை என்று ஊசி போடுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள், பின்னால் சொன்னால் அது சமாதானம் சொல்வதுபோல ஆகிவிடும். ஸ்டெதஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேளுங்கள், அப்புறம் "இறந்துவிட்டது" என்ற சொல்லையே சொல்லுங்கள், சுற்றி வளைத்தால் அவர்களுக்குச் சந்தேகம் நிற்கும்.

மறுநாள் வந்தது ஒரு வயதான லாப்ரடார், மண்ணீரலில் கட்டி, உள்ளே ரத்தக் கசிவு. கூட வந்தவர் பெரியவர், நாயின் காது மடலை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். மேடம் அறையின் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். கடைசியில் அந்தப் பெரியவர் "இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருக்கலாமோ" என்று கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. மேடத்தைப் பார்த்தேன், அவர் லேசாகத் தலையசைத்தார், பேசு என்று. "இழுத்திருந்தால் அதற்குத்தான் கஷ்டம் கூடியிருக்கும், நீங்கள் சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள்" என்றேன். அது உண்மையும்கூட. வெளியே வந்ததும் பார்த்தால், எனக்கு அடுத்து இருந்த இரண்டு அப்பாயின்ட்மென்டையும் மேடம் தன் பெயருக்கு மாற்றியிருந்தார். போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்றார்.

இதைச் சாதாரண விஷயமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்தவர்கள் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். பொது மக்களோடு ஒப்பிட்டால் தற்கொலையால் இறக்கும் ஆபத்து ஆண் கால்நடை மருத்துவர்களுக்கு 2.1 மடங்கு, பெண்களுக்கு 3.5 மடங்கு என்று வந்தது. காரணம் ஒன்றல்ல, பலவும் சேர்ந்தது. இதையெல்லாம் ஒரு மென்டர் தீர்த்துவிட முடியாது, தீர்க்க முயலவும் கூடாது. மனநல ஆலோசகரின் வேலை வேறு, எங்கள் இடத்தில் அதற்குத் தனியாக, நிர்வாகத்துக்குத் தகவல் போகாத ஒரு ஆலோசனைச் சேவை உண்டு, அதையும் நல்ல விஷயமாகவே எழுதுகிறேன். மென்டரால் முடிவது, தினமும் பார்ப்பவர் என்பதால் மாற்றத்தைக் கவனிப்பது. சாப்பிடாமல் வேலை செய்கிறாளா, வீட்டுக்குப் போன பிறகும் கேஸ் ரெக்கார்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளா, ஒரு கேஸ் கைமீறிப் போனதிலிருந்து பேச்சு குறைந்துவிட்டதா. வேறு கிளையில் இருப்பவர் இதை எப்படிக் கவனிப்பார்?

இப்போது குறைகள். எல்லாவற்றிலும் பெரிய குறை அதே வேறு கிளை விஷயம்தான். என்னோடு சேர்ந்த நண்பர் ஒருவரை மாடுகள் அதிகம் வரும் கிளையில் போட்டார்கள், அங்கே மென்டர் இல்லை, போன் எண் கொடுத்தார்கள். கன்று போட்டு இரண்டாம் நாள் ஒரு பசு எழுந்திருக்கவில்லை, தலையை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு படுத்திருக்கிறது, காது சில்லென்று இருக்கிறது. பால் காய்ச்சல், அதாவது கன்று போட்டதும் ரத்தத்தில் கால்சியம் குறைந்துபோவது, என்று அவருக்குத் தெரியும். கால்சியத்தை ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும், ஏற்றும்போதே இதயத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், வேகம் கூடினால் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகும் என்பதும் தெரியும். தெரிந்து என்ன, ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் ஸ்டெதஸ்கோப், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். காதில் ஸ்டெதஸ்கோப் இருந்தால் போன் கேட்காது, போன் கேட்டால் இதயம் கேட்காது. கடைசியில் போனைக் கட்டாந்தரையில் வைத்துவிட்டு அவரே பார்த்துக்கொண்டார். பசு ஏப்பம் விட்டு, சாணம் போட்டு, எழுந்து நின்றது. நல்லபடியாக முடிந்தது என்பதால் நிர்வாகம் அதை "தொலைபேசி வழிகாட்டுதலில் வெற்றி" என்று பதிந்துகொண்டது. நண்பர் ஆறேழு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். மாட்டு வைத்தியத்தில் ரொம்ப ஆசையோடு வந்தவர் அவர், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது குறை, மென்டர்களுக்கு நேரம் யாரும் தருவதில்லை. எழுத்தில் வாரம் ஒரு மணி நேரம் என்று இருக்கிறது, ஆனால் அப்பாயின்ட்மென்ட் புத்தகத்தில் அந்த மணி நேரம் அடைக்கப்படுவதில்லை. எங்கள் மேடம் தானாகவே புத்தகத்தில் ஒரு பூனையின் பெயரைப் போட்டு அந்த நேரத்தை அடைத்து வைப்பார், வேறு வழி இல்லாமல். மென்டர்களின் ஊக்கத்தொகை அவர்கள் பார்க்கும் கேஸ் எண்ணிக்கையைப் பொறுத்தது, ஆகவே என்னோடு ஆபரேஷன் மேசையில் கையைக் கட்டி நிற்கும் ஒவ்வொரு காலையும் அவருக்கு வருமானக் குறைவு. அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. பக்கத்து கிளையில் இன்னொரு மென்டருக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை, அவரிடம் இருந்தவர்களுக்கு வாராந்திரச் சந்திப்பு கார் நிறுத்துமிடத்தில் ஐந்து நிமிஷம் நின்றபடி நடந்தது. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. ஒரு நல்ல மனிதரின் சொந்த நேரத்தை எடுத்து நடத்தும் திட்டத்தைத் திட்டம் என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்றாவது, மென்டரே மேலாளராகவும் இருக்கும் கிளைகள். உங்கள் சம்பள உயர்வை முடிவு செய்கிறவரிடம் "எனக்கு இது பயமாக இருக்கிறது" என்று யார் மனம்விட்டுச் சொல்வார்கள்? எங்கள் கிளையில் இரண்டும் வேறு வேறு ஆட்கள், அதனால் தப்பித்தேன். மென்டரிடம் பேசியது எதுவும் நிர்வாகத்துக்குப் போகாது என்று எழுத்திலேயே இருக்க வேண்டும், இங்கே வாய்மொழியாகத்தான் இருக்கிறது. மென்டர்களுக்குப் பயிற்சியும் அரை நாள் வகுப்போடு சரி. நன்றாக ஆபரேஷன் செய்கிறவர் எல்லோராலும், அடுத்தவர் தடுமாறும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. அது தனியாகப் பழக வேண்டிய வேலை.

ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, குறிப்பிட்ட காலத்துக்குள் போனால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று. பயிற்சி என்று எதைச் சொல்கிறார்கள், மென்டர் பாதியில் விலகினாலும் இது செல்லுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் நண்பருக்கு இதில் நிறைய அலைச்சல் ஆனது.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் அங்கே "மென்டரிங் உண்டா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். என் மென்டர் யார், அவர் எந்தெந்த நாள் இந்தக் கட்டடத்தில் இருப்பார், அவர் லீவில் போனால் அன்றைக்கு யார் என்று கேளுங்கள். என் முதல் ஆபரேஷன் நாட்களில் அவருக்கு வேறு கேஸ் போடுவீர்களா என்று கேளுங்கள். தனி நைட் டியூட்டி எப்போது என்று கேட்டு, அதற்கு ஒரு தேதியைப் பதிலாகச் சொன்னால் யோசியுங்கள், "உங்கள் மென்டர் சொல்லும்போது" என்று சொன்னால் நல்லது. ராத்திரி கூப்பிட்டால் வருவாரா, போனில் பேசுவாரா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள், வயிறு முறுக்கிக்கொண்ட நாய் ராத்திரி ஒரு மணிக்கு வந்து நிற்கும்போது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரொம்பப் பெரிது. போன வருஷம் சேர்ந்தவரிடம் தனியாகப் பேச விடுவார்களா என்றும் கேளுங்கள். அப்பாயின்ட்மென்ட் புத்தகத்தைக் காட்டச் சொன்னால் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, மென்டரிங் நேரம் அதில் அடைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேறு வழி கிடையாது.

நாய், பூனை வைத்தியத்தில் இருக்க விரும்புகிறவர்கள் எங்கள் கிளைக்கு வாருங்கள், தயக்கமே இல்லாமல் சொல்கிறேன். மாடு, குதிரை என்று போக நினைப்பவர்கள், அந்தக் கிளைக்கு ஆள் போட்ட பிறகு பாருங்கள், போடப் போகிறோம் என்று சொல்வதை மட்டும் நம்பி வராதீர்கள். நான் இரண்டாவது வருஷமும் இங்கேயே தொடர்கிறேன். அடுத்து வரப்போகும் புதியவரின் ஆபரேஷன் நாட்களில் மேடத்தின் காலை நேர கேஸ்களை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்கு அவருடைய ஊக்கத்தொகையில் கை வைக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிர்வாகம் இன்னும் பதில் சொல்லவில்லை. சொன்னதும் இங்கேயே கீழே சேர்த்து எழுதுகிறேன்.